திருவிடந்தை மாலையும் 'நெக்ஸ்ட்' பொத்தானும்

சென்னையிலிருந்து ஈசிஆரில் மாமல்லபுரம் போகிறவர்கள் கோவளம் தாண்டியதும் திருவிடந்தையைக் கடந்துதான் போகவேண்டும். நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர். 108 திவ்யதேசங்களில் ஒன்று. காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்துகொண்டார், கடைசி நாளில் எல்லோரையும் ஒருவராக்கித் தன் இடப்பக்கம் வைத்துக்கொண்டார் என்பது தலபுராணம். அதனால்தான் 'திரு இட எந்தை' என்று பேர் வந்ததாம்.

கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள் இங்கே வருவார்கள். மாலை வாங்கி அர்ச்சனை செய்வார்கள். கொடுக்கிற மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்றுவார்கள். அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனபிறகு கணவனும் மனைவியுமாக அதே கோயிலுக்குத் திரும்ப எடுத்து வருவார்கள்.

இந்தக் கோயிலுக்கும் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் செய்வதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு!

முதல் சம்பந்தம் 2018-ல் நடந்தது.

அந்த வருஷம் ஏப்ரல் 11 முதல் 14 வரை பாதுகாப்புத் துறையின் டெஃப்எக்ஸ்போ கண்காட்சி இதே திருவிடந்தையில் நடந்தது. பீரங்கி, டாங்கி, ஹெலிகாப்டர் எல்லாம் கடற்கரைக்கு வந்து இறங்கின. 12-ம் தேதி பிரதமர் வந்து தொடங்கி வைத்தார். இதற்கெல்லாம் ஒரு வாரம் முன்னால், ஏப்ரல் 6-ம் தேதி, பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தைத் திறந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் ஒரு சீன எழுத்து! சீனாக்காரன் புகுந்துவிட்டான் என்று டிவி சேனல்கள் அலறின. அமைச்சரே 'ஹேக்' என்றுதான் முதலில் ட்விட்டரில் எழுதினார்.

கொஞ்ச நேரத்தில் விஷயம் வேறு என்று தெரிந்தது. அந்தத் தளம் துருபல் என்ற இலவச மென்பொருளில் ஓடியது. அதில் 'ஜென்' என்று ஒரு வடிவமைப்பு உண்டு. அதன் சின்னமே ஜென் என்பதற்கான எழுத்துதான். வன்பொருள் கோளாறால் தளம் படுத்தபோது அந்தச் சின்னம் வெளியே தெரிந்துவிட்டது, யாரும் உள்ளே புகவில்லை என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதே சமயம் உலகமே துருபல் பற்றிக் கவலையில் இருந்தது. 2018 மார்ச் 21 அன்று துருபல் குழு ஓர் அறிவிப்பு விட்டது: "28-ம் தேதி ஒரு முக்கியமான அப்டேட் வருகிறது, எல்லோரும் நேரம் ஒதுக்கி வையுங்கள்" என்ற அர்த்தத்தில். சொன்னபடி 28-ம் தேதி அப்டேட் வந்தது. அந்த ஓட்டையின் விவரத்தை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டது ஏப்ரல் 12. ஆமாம், திருவிடந்தையில் பிரதமர் கண்காட்சியைத் தொடங்கி வைத்த அதே நாள். அதற்குப்பிறகு தாக்குதல் ஆரம்பிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. அப்டேட் செய்தவர்கள் தப்பித்தார்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டவர்களின் தளத்தில் யார் யாரோ வந்து குடியேறினார்கள்.

ஆக, முதல் பாடம்: அப்டேட் செய்யத்தான் வேண்டும். 2017 மே 12-ல் வானாக்ரை என்ற வைரஸ் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப்போட்டுப் பணம் கேட்டதே, அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ம் தேதியே கொடுத்துவிட்டது. நடுவில் இரண்டு மாதம் இருந்தது. போட்டவர்களுக்குத் தூக்கம் வந்தது, போடாதவர்களுக்குப் போச்சு.

அப்படியானால் கண்ணில் படுகிற அப்டேட்டையெல்லாம் போட்டுவிடலாமா? அங்கேதான் வில்லங்கமே.

ஈசிஆர் ஓரத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். மகள் கேளம்பாக்கம் பக்கம் ஒரு காலேஜில் படிக்கிறாள். வீட்டில் ஒரே லேப்டாப், அதுவும் அண்ணனுக்கு +2வில் அரசாங்கம் கொடுத்தது. (2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டம் இப்படி எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது.) மகளின் புராஜெக்ட், அப்பாவின் ஜிஎஸ்டி கணக்கு, அம்மாவின் பேங்க் பாஸ்வேர்ட், அண்ணனின் வேலைக்கான பயோடேட்டா எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள்.

ஒரு நாள் மகள் ஒரு வீடியோவைத் திறக்கிறாள். ஓடவில்லை. "உங்கள் பிளேயர் பழசாகிவிட்டது, இங்கே அப்டேட் செய்யவும்" என்று ஒரு பெட்டி எழும்புகிறது. அழுத்துகிறாள். ஒரு பக்கம் திறக்கிறது. பச்சைக் கலரில் பெரிதாக 'டவுன்லோட்', கீழே இன்னொரு 'டவுன்லோட்', ஓரத்தில் இன்னொன்று. எது நிஜம்? பெரிதாக இருப்பதைத்தானே யாரும் அழுத்துவார்கள்! கோப்பு இறங்குகிறது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, நெக்ஸ்ட், ஃபினிஷ்.

மறுநாள் பிரவுசரைத் திறந்தால் முகப்புப் பக்கம் மாறியிருக்கிறது. மேலே கேட்காத டூல்பார். தேடுகிற இயந்திரம் வேறு. திரை மூலையில் நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம். 'உங்கள் கணினியில் 1,243 பிழைகள் உள்ளன, சரிசெய்யப் பணம் கட்டவும்' என்று மிரட்டுகிற ஒரு கிளீனர். லேப்டாப் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிடுகிறது. அண்ணன் கத்துகிறான், "என்னத்தடி பண்ணித் தொலைச்ச?" அவளுக்குத் தெரியவில்லை. உண்மையில் அவள் தப்பாக எதுவும் செய்யவில்லை. எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி 'பிளேயரை அப்டேட் செய்' என்று பெரும்பாலும் சொல்லப்பட்டது அடோபி ஃப்ளாஷ் பிளேயரின் பெயரில். ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31-ஓடு செத்துவிட்டது. 2021 ஜனவரி 12-லிருந்து அது படம் காட்டுவதையே அடோபி நிறுத்திவிட்டது. அதனால் இன்றைக்கு யாராவது 'ஃப்ளாஷ் அப்டேட்' என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், நூற்றுக்கு நூறு பொய். ஃப்ளாஷ் மட்டுமல்ல, பொதுவாகவே ஓர் இணையப் பக்கம் உங்கள் கணினியில் இருக்கிற மென்பொருள் பழசு என்று சொன்னால் நம்பாதீர்கள். அதைச் சொல்லவேண்டியது அந்த மென்பொருள்தான். வழியில் போகிறவர் அல்ல.

கோயில் வாசலில் ஒரு மாலை மட்டும் கேட்டாலும் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் சேர்ந்து வரலாம். தட்டு கண்ணெதிரே இருக்கிறது. வேண்டாததை எடுத்து வைத்துவிட்டுக் காசு கொடுக்கலாம். கம்ப்யூட்டரில் தட்டு கண்ணுக்குத் தெரியாது. 'எக்ஸ்பிரஸ் இன்ஸ்டால்', 'ரெகமண்டட்' என்ற பெயரில் மூடி வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே மங்கலான எழுத்தில் 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்டு' இருக்கும். அதைத் திறந்தால்தான் உள்ளே என்னென்ன டிக் அடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

இதை ஏதோ திருட்டு சைட்டுகள் மட்டும் செய்தார்கள் என்று நினைக்காதீர்கள். பெரிய கைகளே செய்திருக்கிறார்கள்.

ஆரக்கிளின் ஜாவா அப்டேட்டோடு ஆஸ்க் டூல்பார் பல வருஷம் ஒட்டிக்கொண்டு வந்தது. டிக் முன்னாலேயே போட்டிருக்கும், கவனமாக எடுத்தால்தான் தப்பிக்கலாம். ஒவ்வொரு பாதுகாப்பு அப்டேட்டுக்கும் இதே கதை.

2011 டிசம்பரில் சிநெட்டின் டவுன்லோட்.காம், என்மேப் என்ற இலவச மென்பொருளைத் தன்னுடைய சொந்த இன்ஸ்டாலருக்குள் பொதிந்து, டூல்பாரையும் முகப்புப் பக்க மாற்றத்தையும் சேர்த்துக் கொடுத்தது. என்மேப்பை எழுதிய ஃபியோடர் என்கிற கார்டன் லயன் கொதித்துப்போய்ப் பகிரங்கமாக எழுதினார். பாவம், அவர் பேரில் இறங்கியதால் திட்டு வாங்குவது அவர்தானே!

2015 மே மாதம் சோர்ஸ்ஃபோர்ஜ். இலவச மென்பொருள்களின் கோயில் மாதிரி இருந்த இடம். அங்கிருந்து ஏற்கெனவே வெளியேறிவிட்ட கிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளின் விண்டோஸ் பக்கத்தைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, விளம்பரச் சாமான் சேர்த்த இன்ஸ்டாலரைக் கொடுத்தது. பெரிய சண்டையானது. 2016-ல் புது முதலாளிகள் வந்துதான் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? காசு. ஒவ்வொரு கணினியில் நிறுவப்படும்போதும் இவ்வளவு என்று கமிஷன். 2016-ல் கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வில், ஒரு நிறுவலுக்கு 10 சென்ட்டிலிருந்து ஒன்றரை டாலர் வரை கைமாறுவதாகக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கக் கணினி என்றால் ரேட் அதிகம். இப்படிப்பட்ட வேண்டாத மென்பொருள்களுக்காக கூகுள் வாரத்துக்கு 6 கோடிக்கும் மேல் எச்சரிக்கை காட்டவேண்டி வந்ததாம். நிஜ வைரஸுக்குக் காட்டுவதைப்போல மூன்று மடங்கு! நீங்கள் அழுத்துகிற ஒரு 'நெக்ஸ்ட்'டுக்கு எங்கேயோ ஒருவர் கல்லாப்பெட்டியில் சில்லறை விழுகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

சரி, ஒழுங்கான இடத்தில் வாங்கினால் பிரச்னையே இல்லையா? இங்கே கொஞ்சம் நேர்மையாகப் பேசவேண்டும். நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. ஈஸ்கேன் என்று ஓர் இந்திய ஆன்டிவைரஸ். அதன் அப்டேட் கோப்புகள் பூட்டில்லாத சாதாரண எச்டிடிபி வழியாக வந்துகொண்டிருந்தன. வழியில் உட்கார்ந்திருந்த திருடர்கள் அப்டேட்டை எடுத்துவிட்டுத் தங்கள் கோப்பை வைத்து அனுப்பினார்கள். காவல்காரன் என்று நினைத்துக் கதவைத் திறந்தால் திருடன்! கம்பெனி 2023 ஜூலை 31-ல் சரிசெய்துவிட்டதாகச் சொன்னது. 2024 ஏப்ரலில் அவாஸ்ட் ஆராய்ச்சியாளர்கள் முழுக் கதையையும் வெளியிட்டார்கள்.

அந்த அவாஸ்ட்டுக்கே 2017-ல் அடி விழுந்தது. அது அப்போதுதான் வாங்கியிருந்த சிசிளீனரின் 5.33 பதிப்புக்குள், தயாரிக்கிற இடத்திலேயே புகுந்து யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். சரியான தளம், சரியான கையெழுத்து, எல்லாம் சரி. ஆனாலும் 22 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணினியில் அது போய்ச் சேர்ந்தது. அதே வருஷம் ஜூன் 27-ல் உக்ரைனில் மி.டாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகக் கிளம்பிய நாட்பெட்யா, மேர்ஸ்க் கப்பல் கம்பெனியை முடக்கியது. அதனால் நம் மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையமே வேலை செய்யாமல் நின்றது. எங்கேயோ ஒரு கணக்குப்பிள்ளை மென்பொருள், இங்கே கண்டெய்னர்கள் தேங்கிக் கிடந்தன.

இதைப் படித்துவிட்டு 'அப்டேட்டே வேண்டாம் சாமி' என்று முடிவெடுத்துவிடாதீர்கள். இந்த மாதிரித் தாக்குதல்கள் அரிது. அரிது என்பதால்தான் செய்தியாகின்றன. அப்டேட் செய்யாமல் மாட்டிக்கொள்வது தினசரி நடப்பது. பஸ் ஒருநாள் கவிழ்ந்தது என்பதற்காக ஈசிஆரில் நடந்தே சென்னை போவோமா?

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது? பெரிய வித்தை எதுவும் இல்லை. பழக்கம்தான்.

1. அப்டேட்டை மென்பொருளுக்குள்ளிருந்தே செய்யுங்கள். குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ, 'ஹெல்ப்' போய் 'அபௌட்' அழுத்தினால் அதுவே தேடிப் போட்டுக்கொள்ளும். விண்டோஸுக்கு 'செட்டிங்ஸ்'தான் வாசல். எழும்பி வருகிற பெட்டிகளை மூடிவிட்டு, நீங்களாக உள்ளே போய்ப் பாருங்கள். நிஜமாகவே அப்டேட் இருந்தால் அங்கேயும் இருக்கும்.

2. புதிதாக இறக்கவேண்டும் என்றால், தயாரித்தவரின் தளத்துக்கே போங்கள். கூகுளில் தேடினால் மேலே முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். அதன் மேல் 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாகப் போட்டிருக்கும். அதைத் தாண்டிக் கீழே வாருங்கள். முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒரு எழுத்து கூடக் குறைய இருந்தால் ஓடி வந்துவிடுங்கள்.

3. எப்போதும் 'கஸ்டம்'. ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டு அழுத்துங்கள். 'டிக்ளைன்' அழுத்தினால் மொத்தமும் ரத்தாகிவிடுமோ என்று பயமாக இருக்கும். பெரும்பாலும் ஆகாது, அந்த ஒட்டுச் சாமான் மட்டும்தான் போகும். அப்படியே மொத்தமும் ரத்தானாலும் நல்லதுதான், அந்த மென்பொருளே வேண்டாம்.

4. நிறுவும்போது விண்டோஸ் திரையை இருட்டாக்கி 'அனுமதிக்கலாமா?' என்று கேட்குமே, அதில் 'பப்ளிஷர்' யார் என்று பாருங்கள். கம்பெனி பேர் இருந்தால் நீலம். 'அன்நோன்' என்று மஞ்சளில் வந்தால் நின்று யோசியுங்கள். சந்தேகம் இருந்தால் கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும், இலவசம். சொந்த விவரம் உள்ள கோப்புகளை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள்.

5. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்' என்ற பகுதிக்குள் 'ரெப்யூடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்' என்று ஒன்று இருக்கிறது. வேண்டாத ஒட்டுச் சாமான்களைத் தடுக்கிற சுவிட்ச் அதற்குள்தான். போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

6. கிராக், கீஜென் பக்கம் போகாதீர்கள். இதைச் சொன்னால் ஹாஸ்டலில் சிரிப்பார்கள் :-) ஆனால் 'ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டவும்' என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்றால் எதற்காக என்று யோசிக்கவேண்டாமா? போலீஸை வெளியே அனுப்பிவிட்டுப் பீரோவைத் திற என்கிறார்!

ஏற்கெனவே மாட்டிக்கொண்டாயிற்றா? அந்த மகளைப்போல அழவேண்டாம். 'செட்டிங்ஸ்' போய், நிறுவிய மென்பொருள்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். அன்றைக்கு வந்தவை எல்லாம் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக நீக்குங்கள். பிரவுசரில் கேட்காத எக்ஸ்டென்ஷன்களை எடுங்கள், முகப்பையும் தேடுபொறியையும் திரும்ப மாற்றுங்கள், எந்தத் தளத்துக்கெல்லாம் 'நோட்டிஃபிகேஷன்' அனுமதி கொடுத்திருக்கிறது என்று பார்த்து ரத்து செய்யுங்கள். மூலையில் வந்த விளம்பரங்களில் பாதி அங்கிருந்துதான் வந்திருக்கும். மால்வேர்பைட்ஸின் ஆட்வ்கிளீனரை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி ஒருமுறை ஓட்டுங்கள். பேங்க் பாஸ்வேர்டை வேறு ஒரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள். இது கொஞ்சம் முக்கியம்.

லினக்ஸ் பக்கம் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. காரணம் எளிது. அங்கே மென்பொருளை ஊர் ஊராகத் தேடிப் போவதில்லை. ஒரே களஞ்சியம், அதில் கையெழுத்திட்ட பொதிகள், ஒரே கட்டளையில் எல்லாவற்றுக்கும் அப்டேட். இது நம் ஊருக்குப் புதுசும் இல்லை. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் 2007-வாக்கிலேயே சூசே லினக்ஸுக்கு மாறியது. சென்னை சி-டாக் 2007-ல் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸைக் கொண்டுவந்தது. எத்தனை பேர் அதை ஒருதரமாவது திறந்து பார்த்தோம் என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும். இன்றைக்கு விண்டோஸிலும் 'விங்கெட்' என்று அதேமாதிரி ஒரு கட்டளை வந்துவிட்டது.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. அந்தப் பழைய அரசு லேப்டாப்களில் பல புது விண்டோஸைத் தாங்காது. தூக்கிப் போடவும் மனசு வராது, புதுசு வாங்கவும் காசு இருக்காது. அந்த மாதிரி வீடுகளுக்கு லினக்ஸ் ஃபேஷன் இல்லை, பாதுகாப்பாகத் தொடர்ந்து அப்டேட் வாங்க மிச்சமிருக்கிற வழி.

இப்போது இரண்டாவது சம்பந்தத்துக்கு வருவோம். இது கல்யாண சம்பந்தமேதான்!

கணினியில் டூல்பார் வந்த காலம் போய், அதே தந்திரம் போனுக்கு வந்துவிட்டது. 2024 நவம்பரில் இமாசலப் பிரதேச சைபர் போலீஸ் ஓர் எச்சரிக்கை விட்டார்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வருகிறது. படமும் இல்லை, பிடிஎஃப்பும் இல்லை. பேரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருக்கும். ஏபிகே என்றால் ஆண்ட்ராய்டு செயலி. 'யார் கல்யாணம்?' என்று ஆவலாகத் திறந்தால், 'இதை நிறுவ அனுமதிக்கவும்' என்று கேட்கும். கொடுத்தால், எஸ்எம்எஸ் படிக்கவும் அனுமதி கேட்கும். அதையும் கொடுத்துவிட்டால் பேங்கிலிருந்து வருகிற ஓடிபி நேரே திருடன் கைக்குப் போகிறது. இதே வேலையைப் போக்குவரத்து அபராத ரசீது என்றும், பேங்க் கேஒய்சி அப்டேட் என்றும் வேறு வேறு வேஷத்தில் செய்கிறார்கள்.

டூல்பார் தொல்லை கொடுக்கும், அவ்வளவுதான். இது சேமிப்பையே துடைத்துவிட்டுப் போய்விடும். மகள் கல்யாணத்துக்கென்று ஒரு அம்மா சிட்டு கட்டிச் சேர்த்த பணம், இன்னொருவர் மகளின் பொய்ப் பத்திரிகையால் போவதை நினைத்துப் பாருங்கள். அந்த அம்மாவுக்கு ஏபிகே என்றால் என்னவென்று தெரியாது. பத்திரிகை வந்தால் திறந்து பார்ப்பது மரியாதை என்றுதான் தெரியும். அந்த மரியாதையைத்தான் திருடன் பயன்படுத்துகிறான்.

அதனால் வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு நாலே நாலு விஷயம் சொல்லிக் கொடுங்கள். பத்திரிகையோ, ரசீதோ, அதைப் பார்க்க எதையும் நிறுவவேண்டிய அவசியம் இல்லை. எந்த பேங்கும் வாட்ஸ்அப்பில் செயலி அனுப்பாது. செயலி என்றால் பிளே ஸ்டோர் மட்டும். அதிலும் எஸ்எம்எஸ் அனுமதி கேட்டால் "இதற்கு எதற்கு என் மெசேஜ்?" என்று ஒருதரம் கேட்டுக்கொள்ளவேண்டும். போன் செட்டிங்ஸில் 'அன்நோன் ஆப்ஸ்' நிறுவும் அனுமதியில் வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் 'வேண்டாம்' என்று வைத்துக் கொடுத்துவிடுங்கள். இரண்டு நிமிஷ வேலை. அப்படியும் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கிறது. வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். அதனால் வீட்டில் யார் ஏமாந்தாலும் முதலில் திட்டாதீர்கள். திட்டுகிற வீட்டில்தான் அடுத்த தடவை மறைப்பார்கள். அந்த அண்ணன் கத்தியது இப்போது நினைவுக்கு வருகிறதா?

இவ்வளவையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது என்பவர்கள் திருவிடந்தை மாலையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாலையை எந்தக் கோயிலில் வாங்கினார்களோ அதே கோயிலுக்குத்தான் திரும்ப எடுத்து வருகிறார்கள். வழியில் இன்னும் எத்தனையோ கோயில்கள் இருக்கின்றன, யாரும் அங்கே இறங்குவதில்லை. மென்பொருளும் அப்படியே. எங்கே வாங்கினீர்களோ, அப்டேட்டுக்கும் அங்கேயே போங்கள். வழியில் கைதட்டிக் கூப்பிடுகிறவர்களிடம் நிற்காதீர்கள்.

அடுத்த தடவை 'நெக்ஸ்ட்' அழுத்தும்போது அரை நொடி நிறுத்திப் படித்துப் பாருங்கள், மக்களே. உங்கள் வீட்டில் அந்த ஒரே லேப்டாப்பையும் அந்த ஒரே போனையும் நம்பி நாலு பேர் இருக்கிறார்கள்.